மரக்கறிப் பற்றிஸ்: மாவின் கணக்கும் கையின் கணக்கும்



சுயதொழில் என்றதும் தையல் இயந்திரமும் கோழிக்கூடும்தான் நமது கூட்டங்களில் முதலில் பேச்சுக்கு வரும். அவற்றைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் வேலை செய்துவரும் இந்த வருடங்களில், பெரிய முதல் எதுவும் இல்லாமல் ஒரு லயக் காம்பராவின் அடுப்படியிலேயே தொடங்கி நின்று பிடித்திருக்கும் ஒரு தொழிலை அடிக்கடி பார்க்கிறேன். அதுதான் மரக்கறிப் பற்றிஸ் செய்து கொடுப்பது. வன்னியிலும் வாகரையிலும் இருக்கும் உங்களில் பலருக்கு ரொட்டியும் வாய்ப்பனும் சுட்ட கை இருக்கிறது. ஆகவே இம்மாதம் அதைப் பற்றி எழுதுகிறேன். செய்முறை பாதி, கணக்கு பாதி.

மரக்கறிப் பற்றிஸுக்கு ஏன் கிராக்கி என்று முதலில் பார்ப்போம். நகரத்துப் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மீன் பற்றிஸ், மீன் ரோல்ஸ், மீன் கட்லட், முட்டை ரோல்ஸ் என்றுதான் வரிசை போகும். மரக்கறி ரொட்டி என்று முக்கோணமாக மடித்து வைத்திருப்பதிலும் சில கடைகளில் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ந்திருக்கும். இதற்கு நடுவில் தோட்டத்திலோ மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகள், பிறகு தைப்பூசம், ஐப்பசியில் கந்தசஷ்டி. வெள்ளிக்கிழமையில் பிறந்தநாள் வந்தாலும் சைவம்தான். சடங்கு வீட்டில் தண்ணீர் ஊற்றும் நாளில் வரும் சனத்துக்கு ஒரு கோப்பைத் தேநீரோடு கொடுக்க ஏதாவது வேண்டும். வடை சுடலாம்தான், ஆனால் உளுந்து விலை பெரும்பாலும் கையைக் கடிக்கும். பற்றிஸ் என்றால் பிள்ளைகளுக்கும் சந்தோஷம், வீட்டாருக்கும் கொஞ்சம் கௌரவம்.

“சைவமா?” என்று கேட்டு வாங்க வருபவர் உள்ளே மீன் இல்லைதானே என்று மட்டும் கேட்கவில்லை. மாவில் முட்டை அடித்து ஊற்றினீர்களா, விளிம்பை ஒட்ட முட்டை வெள்ளைக்கரு பூசினீர்களா, நேற்று மீன் பொரித்த எண்ணெயா, கருவாடு வெட்டிய பலகையா என்ற இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று மனமறிந்து சொல்ல முடிந்தால்தான் இந்த ஓடரை எடுக்க வேண்டும். ஒரு வாணலி, ஒரு பலகை, ஒரு துடைக்கும் துணி ஆகியவற்றைச் சைவத்துக்கென்றே பிரித்து வையுங்கள். மாஜரின் வாங்கும்போது மரக்கறி எண்ணெயில் செய்ததா என்று பெட்டியில் பாருங்கள். விரத வீடு என்றால் வெங்காயம், உள்ளி சேர்ப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்க்காத வீட்டுக்கு லீக்ஸும் ஆகாது. அதுவும் வெங்காயக் குடும்பம்தான். பலர் இதைக் கவனிப்பதில்லை.

தோட்டத்துப் பெண்ணுக்குக் கோதுமை மாவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. விடியற்காலையில் எழும்பி மா பிசைந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, அதில் பாதியைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறியவர்களின் மகள்கள் இவர்கள். அரிசியும் மாவும் பங்கீட்டில் வந்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளில் அந்தப் பங்கீடு சுருங்கிப்போய்த் தோட்டங்களில் பட்டினி வந்தது, சாவும் வந்தது. திருகோணமலையில் பிரிமா மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியபோது, அந்தப் பட்டினியைத் தாங்க முடியாமல் மலையை விட்டு இறங்கியவர்கள் வன்னிக் காடுகளை வெட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு இன்னும் பலர் போனார்கள். வவுனியாப் பக்கத்தில் அவர்களைக் குடியேற்றக் காந்தியம் அமைப்பு பாடுபட்டது. அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கத்தில் இருக்கும் வாசகிகளுக்கு இது தங்கள் தாய் தகப்பனின் கதை. வடக்கத்தியார் என்றும் தோட்டக்காட்டார் என்றும் உங்களைச் சிலர் சொன்னதும் எனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்லப்போகும் சகோதரியும் அப்படியான குடும்பத்தில் வன்னியில் பிறந்தவர்தான். பெயர் வேண்டாம் என்றார், ஆகவே ‘அக்கா’ என்றே எழுதுகிறேன். 2009இல் கணவரை இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் மகளோடு ஹட்டன் பக்கத்தில் தாய்மாமன் இருக்கும் லயத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவருக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் நாட்சம்பளமும் இல்லை, காம்பராவும் இல்லை. மாமன் வீட்டு இஸ்தோப்பில் ஒரு மூலையை மறைத்துக்கொண்டு இருந்தார். முகாமில் நிவாரணத்துக்கு வந்த கோதுமை மாவையும் பருப்பையும் எண்ணெயையும் வைத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்து கொடுத்த கை அவருடையது. தோட்டத்து முன்பள்ளிக் கலைவிழாவுக்கு முதல் தடவையாக 60 பற்றிஸ் செய்தார். உருட்டச் சோடாப் போத்தல், வட்டம் வெட்டப் பால்மா டின்னின் மூடி. இவ்வளவுதான் அவருடைய ‘இயந்திரங்கள்’.

அவர் செய்யும் விதத்தையே எழுதுகிறேன். ஏறக்குறைய 40 பற்றிஸுக்கு அரைக் கிலோ கோதுமை மா, 100 கிராம் மாஜரின், ஒரு தேக்கரண்டி உப்பு. மாஜரினை மாவில் போட்டு விரல் நுனியால் உதிர்த்து, மா முழுவதும் பாண் தூள் மாதிரி ஆகும்வரை பிசறுங்கள். முட்டைக்குப் பதிலாகப் பாதித் தேசிக்காயின் சாறும் இரண்டு மேசைக்கரண்டி முதல் தேங்காய்ப்பாலும் விட்டு, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். ரொட்டி மாவை விட இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் எண்ணெய் குடிக்கும். ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் வையுங்கள். நுவரெலியாக் குளிரில் மாஜரின் கல்லாகி, உருட்டும்போது விளிம்பு வெடிக்கும். ஆகவே மாஜரினை முதலிலேயே அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இளக்கிக்கொள்வார்கள். கிளிநொச்சி வெயிலில் பிரச்சினை தலைகீழ். மா தளர்ந்துவிடும், குளிர்ந்த தண்ணீரில் பிசைய வேண்டும்.

உள்ளுக்கு வைக்கும் கறிக்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கு, 200 கிராம் லீக்ஸ், ஒரு பெரிய கரட், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை. லீக்ஸின் பச்சை இலையை எறியாதீர்கள். மெல்லியதாக அரிந்தால் அதில்தான் வாசம். இலை இடுக்கில் மண் இருக்கும், இரண்டு தண்ணீரில் கழுவ வேண்டும். கிழங்கை அவித்துக் கையால் கரடுமுரடாக நசியுங்கள், களியாக்க வேண்டாம். இங்கே ஒரு விசயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் கிழங்கும் பருப்பும் அவிய அதிக நேரம் எடுக்கும். “மலைக் கிழங்கு வேகாத கிழங்கு” என்று கிழங்கைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, மிளகாய், லீக்ஸ், துருவிய கரட் என்ற வரிசையில் வதக்கி, மஞ்சள், கறித்தூள், மிளகு, உப்பு போட்டு, தண்ணீர் முழுவதும் வற்றிய பிறகு கிழங்கைச் சேருங்கள். இறக்கித் தேசிக்காய் விடுங்கள். கறி நன்றாக ஆற வேண்டும். சூட்டோடு வைத்து மடித்தால் ஆவி உள்ளே நின்று எண்ணெயில் வெடிக்கும். எண்ணெயும் பழுது, கையும் பழுது. மாவை மெல்லியதாக உருட்டி வட்டமாக வெட்டி, ஒரு தேக்கரண்டி நிறையக் கறி வைத்து, விளிம்பில் தண்ணீர் தொட்டு மடித்து, முள்ளுக்கரண்டியால் அழுத்துங்கள். வெட்டி மிஞ்சும் மாத் துண்டுகளை உடனே பிசைந்து உருட்டினால் இறப்பர் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் ஓய விட்டு உருட்டுங்கள். எண்ணெயில் ஒரு துளி மாவைப் போட்டால் அது உடனே நுரைத்து மேலே வர வேண்டும். அதுதான் பதம். ஒரு தடவைக்கு ஆறேழுக்கு மேல் போட வேண்டாம்.

லீக்ஸும் கரட்டும் மலையில் மலிவாகக் கிடைப்பவை. வடக்கு, கிழக்கில் இருப்பவர்கள் அதற்காக நுவரெலியா லொறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கு நன்றாக வரும், அவித்ததும் நடு நாரை எடுத்துவிடுங்கள். வாழைக்காய், அவித்த கொண்டைக்கடலை, சோயா மீற் எல்லாமே பொருந்தும். யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்கு தோண்டும் மாதங்களில் அதையே பாவியுங்கள். ஒன்றில் மட்டும் கவனம். மலைக் குளிரில் முதல் நாள் இரவு கறி செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அங்கேயே அதில் விருப்பம் இல்லை, உங்கள் வெக்கையில் அது வேண்டவே வேண்டாம். கிழங்குக் கறி கெட்டால் முகத்துக்குத் தெரியாது, வயிற்றுக்குத்தான் தெரியும். தொடர்ந்து விற்பதாக இருந்தால் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் என்ன பதிவு தேவை என்று நீங்களே முதலில் கேளுங்கள். அவர் தேடி வரும்வரை இருக்க வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அக்கா ஆரம்பத்தில் கொப்பி வைத்திருந்தார். மா, மாஜரின், எண்ணெய், கிழங்கு என்று எல்லாம் எழுதியிருந்தார். விற்ற காசிலிருந்து அதைக் கழித்து மிச்சத்தை இலாபம் என்று போட்டிருந்தார். அவர் நின்ற நேரம் அந்தக் கொப்பியில் ஓரிடத்திலும் இல்லை. விறகும் இல்லை, மிலாறு சும்மா கிடைப்பதுதானே என்றார். கவ்வாத்து மலையிலிருந்து அந்த மிலாற்றுக் கட்டைத் தலையில் சுமந்து இறக்கியது யார் என்று கேட்டேன், சிரித்தார். அந்த மிலாறுதான் 2022இல் அவரைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. அந்த வருடம் ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயு 4,860 ரூபாவுக்குப் போனது. மா விலையும் ஒரு கிலோ 300 ரூபாவைத் தாண்டியது. எரிவாயுவை நம்பிய பலர் அப்போது தொழிலையே நிறுத்தினார்கள்.

விலை மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே விலையை விட்டு முறையைப் பாருங்கள். உதாரணத்துக்கு 40 பற்றிஸுக்குச் சாமான் செலவு 1,000 ரூபா என்றும், விறகு, பெட்டி, பஸ் காசு எல்லாம் 200 ரூபா என்றும் வைப்போம். கடைக்குப் போவது முதல் வாணலியைக் கழுவுவது வரை நாலு மணித்தியாலம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதையே அளவாக வைத்தால் எட்டு மணித்தியால வேலையில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 170 ரூபா, நாலுக்கு 680. மூன்றையும் கூட்டினால் 1,880. ஒரு பற்றிஸ் 47 ரூபாவுக்கு வந்து நிற்கிறது. இதை 40 ரூபாவுக்கு விற்றால் கையில் வருவது 1,600. சாமானும் மற்றச் செலவும் 1,200 போக மிச்சம் 400 ரூபா. நாலு மணித்தியாலத்துக்கு 400. அதே கணக்கில் நாள் முழுக்க நின்றாலும் 800தான். மலையில் கொழுந்து எடுப்பவரின் சம்பளம் காணாது என்று நாம் பேசுகிறோம். நமது சொந்த அடுப்படியில் நமக்கு நாமே அதைவிடக் குறைவாகப் போட்டுக்கொள்கிறோம்! கொழுந்து குறைந்தால் கங்காணி அரைப் பேர் போடுவார். இங்கே நமக்கு அரைப் பேர் போடுவது நாமேதான்.

இந்தக் கணக்கை எழுதிக் காட்டியதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “விலையைக் கூட்டலாம் மிஸ். கடைக்காரர் தருவார். சொந்தக்காரங்ககிட்ட எப்பிடிக் காசு கேக்கிறது?” என்றார்.

உண்மையான சிக்கல் அதுதான். அவருடைய ஓடர்களில் பாதிக்கு மேல் மாமனின் சொந்தம், மாமியின் சொந்தம், பக்கத்துக் காம்பரா. சடங்கு என்றால் ஆளனுப்பி, “நம்ம புள்ளதானே, ஒரு இருநூறு செஞ்சி குடுத்திரு” என்பார்கள். சிலர் மாவுக்குக் காசு கொடுப்பார்கள், சிலர் அதையும் மறந்துபோவார்கள். இருக்க இடம் கொடுத்த வீட்டின் சொந்தம், முகத்தை முறிக்க முடியாது. இன்னொரு பக்கம், மகளின் பாடசாலைச் செலவுக்கென எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக்கொருமுறை ஆள் வந்து இஸ்தோப்பில் நிற்பார். நுண்கடன் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தவணைக்காரருக்குச் சொந்தமும் தெரியாது, சடங்கும் தெரியாது.

“கறாராக இருங்கள், சொந்தமானாலும் காசு காசுதான்” என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். நகரத்துக் கடைத்தெருவுக்கு அது சரி. ஒரே கூரைக்குக் கீழே பத்துக் காம்பரா இருக்கும் லயத்தில், நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவர்கள் இந்தச் சொந்தம்தான். அதை அறுத்துவிட்டு வரும் இலாபத்தை நான் இலாபம் என்று சொல்ல மாட்டேன். அதற்காகச் சும்மா செய்து கொடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடையைப் பற்றி எழுதியதைப் படித்தோம். உலகில் எங்கேயும் கொடுத்தது சும்மா போவதில்லை, வாங்கியவர் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது அவருடைய வாதம். அதற்கு மோஸ்கூடத் தேவையில்லை, நம்முடைய மொய்க் கொப்பியே போதும். யார் எத்தனை ரூபா, யார் குத்துவிளக்கு, யார் எவர்சில்வர் பானை என்று பெயரோடு எழுதி, அவர்கள் வீட்டு விசேசத்துக்கு எடுத்துப் பார்த்துச் செய்வோம். அந்தக் கொப்பியில் ஒரு பெண் இரண்டு நாள் அடுப்படியில் நின்ற உழைப்பு மட்டும் ஏறுவதில்லை.

பெண்கள் குழுக் கூட்டத்தில் இதை எல்லோருமாகப் பேசினோம். இரண்டு வழி வந்தது. முதலாவது, சாமானை ஓடர் கொடுப்பவரே வாங்கித் தர வேண்டும். அக்கா பட்டியல் எழுதிக் கொடுப்பார்: இருநூறு பற்றிஸுக்கு மா இரண்டரைக் கிலோ, மாஜரின் அரைக் கிலோ, எண்ணெய் இவ்வளவு என்று. இதை யாரும் குறையாக எடுக்கவில்லை. விசேச வீட்டுக்கு அரிசி, பருப்பு வாங்குவது போல அதையும் வாங்கி வந்து கொடுக்கிறார்கள். கைக்காசு முடங்குவது அதோடு நின்றது. கடைக்காரர், பாடசாலை, வெளியார் என்றால் பாதி முற்பணம், மீதி கையில் கொடுக்கும்போது.

இரண்டாவது வழியைச் சொன்னவர் கூட்டத்தில் இருந்த ஒரு வயதான அம்மா. மலையில் முப்பது வருடம் பேர் போட்டவர். “காசு வாங்க வெக்கமா இருந்தா வாங்காத. மொய்யில எழுதச் சொல்லு” என்றார். கைக்கூலியை மொய்யாக எழுதுவது! எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. அடுத்ததாக வந்த சடங்கு வீட்டில் மாமியே முன்னுக்கு நின்று எழுதச் சொன்னார். கொப்பி எழுதிக்கொண்டிருந்த பையன் பேனையைத் தூக்கிக்கொண்டு, இதை எப்படி எழுதுவது, ரூபா எவ்வளவு என்று விழித்தான். அங்கேயே கணக்குப் பார்த்தார்கள். 200 பற்றிஸ், 20 மணித்தியாலம். பந்தலில் இருந்தவர்களுக்கு அந்தத் தொகையைக் கேட்டதும் ஆச்சரியம்தான். “இம்புட்டா?” என்று ஒருவர் கேட்டார். “நீ நின்னு பொரிச்சுப் பாரு” என்று மாமி சொன்னார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். மொய்யாக எழுதியது தவணைக்காரருக்குக் கட்ட உதவாது. அதற்கு வெளி ஓடர் வேண்டும். இப்போது அக்கா மாதத்தில் இத்தனை ஓடர் காசுக்கு, ஒன்றோ இரண்டோ சொந்தத்துக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார். விலையையும் கூட்டினார். இரண்டு வீடு விட்டுப்போயிற்று, ஐயப்ப பூசைக்காரர் விடவில்லை. சுத்தமான சைவம் என்று நம்பி வாங்கும் இடம் அவர்களுக்கு வேறு கிடைக்கவில்லை.

உங்கள் ஊரில் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதல் தடவை 40க்கு மேல் போக வேண்டாம். அதை விற்கவும் வேண்டாம். மகளிர் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடக் கொடுத்து, உப்பு, உறைப்பு, மொறுமொறுப்பு எப்படி என்று கேளுங்கள். மழை நாளில் செய்தால் பொரித்து ஒரு மணித்தியாலத்துக்குள் நமுத்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஆனிமழையில் ஹட்டனில் ஓடர் வந்தால் அக்கா எல்லாவற்றையும் மடித்து ஈரத்துணியால் மூடிக்கொண்டு விசேச வீட்டுக்கே போய், அங்கே அடுப்பு மூட்டிப் பொரித்துக் கொடுக்கிறார். அந்த நடைக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் இப்போது விலை சொல்கிறார்.